ஒரே கைகளில் வளரட்டும்: பராமரிப்பில் வாழும் கைக்குழந்தைகளையும் சிறு பிள்ளைகளையும் பேணும் முறை

பெற்றோரின் கையை விட்டு, சிறுவர் இல்லத்திலோ, நீதிமன்றக் கட்டளையின் பேரில் இன்னொரு குடும்பத்திலோ, தாய் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனதால் அம்மம்மாவின் வீட்டிலோ வளர்கின்ற ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அன்றாடம் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டி, உறங்கவைப்பவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். மட்டக்களப்பு மாவட்டத்து இல்லமொன்றில் கைக்குழந்தைகளின் பகுதியில் பல ஆண்டுகள் வேலை செய்தவள் என்ற முறையில், நான் சொல்லக்கூடிய முக்கியமான செய்தி ஒன்றே ஒன்றுதான். குளியல், உணவு, உறக்கம், துணி மாற்றுதல் என்ற நான்கு வேலைகளையும் ஒரே ஆள், அவசரப்படாமல், பிள்ளையோடு கதைத்தபடி செய்தால் அந்தப் பிள்ளையின் நலனில் பெரும்பகுதி அங்கேயே அமைந்துவிடும். மற்றவை அனைத்தும் அந்த ஒரு ஆளைப் பிள்ளைக்குத் தவறாமல் கிடைக்கச் செய்வதற்கான ஏற்பாடுகளே.

அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பிள்ளை இல்லத்துக்கு வரத்தான் வேண்டுமா என்பது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்கள், வறுமை மட்டுமே பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கும் காரணமாக இருக்கக் கூடாது என்றும், குறிப்பாக மூன்று வயதுக்குட்பட்டவர்களைக் குடும்பச் சூழலிலேயே பராமரிக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. நம் பகுதியில் இதற்கு இயல்பாகவே ஒரு வாய்ப்பு உண்டு. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் பெண்ணுக்கு வீடு கொடுத்து, அவளைத் தாயின் வளவிலோ அடுத்த வளவிலோ குடியிருத்தும் வழக்கம் இன்னும் இருக்கிறது. குடி எனப்படும் குலப்பிரிவும் தாய்வழியாகவே வருகிறது. ஆகையால் தாயின் பராமரிப்பு இல்லாமற்போன பிள்ளைக்கு அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா, தாய்மாமன் ஆகியோர் பல வேளைகளில் நடந்துபோகும் தூரத்திலேயே இருப்பார்கள். இல்லத்துக்கு விண்ணப்பம் எழுதுமுன் நன்னடத்தை உத்தியோகத்தரும், பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பார்க்க வேண்டும். தகுந்த ஒருவரின் பொறுப்பில் பிள்ளையை நீதிமன்றம் ஒப்படைக்கும் வழி 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டத்திலேயே உண்டு. பால்மாவுக்குக் காசில்லை என்று கொண்டுவரப்பட்ட பிள்ளைக்கு, பால்மாவுக்கு வழிசெய்து வீட்டிலேயே இருக்கவிடுவதுதான் நல்ல பராமரிப்பு. இதன் மறுபக்கமாக, யாரோ கொடுத்தார்கள் என்று பச்சைக்குழந்தையை வாங்கித் தம் பெயரில் பதிந்து வளர்ப்பது, எவ்வளவு நல்ல மனத்தோடு செய்தாலும், குற்றமாகும். மகவேற்பு, அதாவது தத்தெடுத்தல், நீதிமன்றத்தின் வழியாக மட்டுமே நடைபெற வேண்டும்.

கைகளை எண்ணிப் பாருங்கள்

ஒரு கொப்பியை எடுத்து, உங்கள் பொறுப்பிலுள்ள ஒரு குழந்தையின் பெயரை எழுதி, ஏழு நாட்களுக்கு அந்தக் குழந்தைக்குப் பால் கொடுத்தவர், குளிப்பாட்டியவர், துணி மாற்றியவர், இரவில் தூக்கியவர் ஆகிய அனைவரின் பெயரையும் குறித்து வாருங்கள். நான் முதன்முறை இதைச் செய்தபோது எட்டு மாதக் குழந்தையொன்றுக்கு ஒரே வாரத்தில் 11 பேர் கைவைத்திருந்தார்கள். கடமைநேரம் மாறி மாறி வந்த ஆறு பேர், சமையலறையிலிருந்து உதவிக்கு வந்த இருவர், பயிற்சிக்கு வந்த மூன்று பிள்ளைகள். ஒருவர்கூடப் பொல்லாதவர் இல்லை. ஆனால் ஏறத்தாழ ஆறாம் மாதத்துக்கும் ஒன்பதாம் மாதத்துக்கும் இடையில்தான் குழந்தை 'இது என் ஆள்' என்று ஒருவரைத் தேர்ந்து பிடித்துக்கொள்கிறது. பிடிக்க வேண்டிய கை எட்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் மாறிக்கொண்டிருந்தால் காலப்போக்கில் அது யாரையும் பிடிக்காமல் இருக்கப் பழகிவிடும்.

இது வெறும் அனுபவப் பேச்சன்று. ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டளவில் தொடங்கப்பட்ட ஆய்வொன்றில், இல்லங்களில் இருந்த 136 சிறு பிள்ளைகளில் பாதிப் பேர் சீட்டுக் குலுக்கியது போன்ற முறையில் தெரிவுசெய்யப்பட்டு வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள், அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள், அறிவு வளர்ச்சியிலும் ஒருவரோடு ஒட்டி வாழும் தன்மையிலும் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள். இல்லத்திலேயே இருந்தாக வேண்டிய பிள்ளைகளுக்கும் வழியில்லாமல் இல்லை. போருக்குப் பின் 1946இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் எம்மி பிக்லர் என்ற குழந்தை மருத்துவர் நடத்தத் தொடங்கிய இல்லத்தில், ஒவ்வொரு குழந்தைக்கும் நிரந்தரமான ஒரு பராமரிப்பாளரைக் குறித்து, குளிப்பாட்டும் நேரத்தையும் ஊட்டும் நேரத்தையும் அவரும் குழந்தையும் மட்டும் இருக்கும் நேரமாக ஆக்கினார்கள். பணம் அதிகம் வேண்டாத ஒழுங்கு அது. கடமை நிரலை மாற்றி எழுதினால் போதும்.

மாற்றி எழுதும்போது ஒவ்வொரு குழந்தைக்கும் முதன்மையான ஒருவரையும், அவர் லீவில் போகும்போது அவருடைய இடத்தில் நிற்கும் இரண்டாமவரையும் பெயர் குறித்து நியமியுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று பிள்ளைகளுக்கு மேல் ஒருவரிடம் கொடுக்காதீர்கள். ஓராண்டு நிறைந்ததும் 'பெரிய பிள்ளைகளின் அறை'க்கு மாற்றும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள், அல்லது பராமரிப்பாளரும் கூடவே மாறட்டும். பணியாளருக்கு நியாயமாக இருக்கட்டும் என்று மாதாமாதம் அறைகளை மாற்றிக் கொடுக்கும் நிர்வாகிகள் உண்டு. பணியாளரின் சலிப்பைத் தீர்க்க வேறு வழி தேட வேண்டுமே ஒழிய, குழந்தையின் ஆளைப் பறித்துத் தீர்க்கலாகாது. அழைக்கும் சொல்லையும் யோசியுங்கள். ஐந்து பெண்களையும் 'அம்மா' என்று கூப்பிடப் பழக்கினால் அந்தச் சொல் தளர்ந்துபோகிறது, பெற்ற தாய் பார்க்க வரும் நாளில் அவளுக்கென்று சொல் மிஞ்சுவதில்லை. பெயரோடு சேர்த்து அக்கா, மாமி, அன்ரி என்று சொல்லிக் கொடுப்பது நல்லது.

வந்து சேரும் நாள்

பிள்ளையைக் கொண்டுவருபவர் ஓட்டோவில் வந்து இறங்கி, படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரைமணியில் போய்விடுவதே பெரும்பாலும் நடப்பது. அவரை இருத்தி, தேநீர் கொடுத்து, போவதற்கு முன் சில விடயங்களைக் கேட்டு எழுதிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு அவரைப் பிடிப்பது கடினம். வீட்டில் பிள்ளையை எந்தப் பெயரால் கூப்பிட்டார்கள்? ஏணையில் உறங்கியதா, பாயில் தாயோடு படுத்ததா? தாய்ப்பால் குடித்ததா, போத்தலா? எதைக் கண்டால் பயப்படும்? தாயை 'அம்மா' என்றதா, 'உம்மா' என்றதா? அண்ணனோ தங்கையோ வேறோர் இடத்தில் இருக்கிறார்களா? இருந்தால், சகோதரர்களை ஒன்றாக வைப்பதற்கான வேண்டுகோளை அன்றைக்கே எழுத்தில் கொடுங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும், கிளினிக் கொப்பி என்று எல்லாரும் சொல்லும் சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள்.

பெயரை மாற்றாதீர்கள். உச்சரிக்கச் சிரமம், ஏற்கெனவே அதே பெயரில் ஒரு பிள்ளை இருக்கிறது, இல்லத்தின் சமயத்துக்குப் பொருந்தவில்லை என்று எந்தக் காரணத்துக்காகவும் மாற்றலாகாது. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 20ஆவது உறுப்புரை, பராமரிப்பில் வைக்கப்படும் பிள்ளையின் இனம், சமயம், பண்பாடு, மொழி ஆகியவற்றின் தொடர்ச்சியைக் கவனத்திற் கொள்ளுமாறு கேட்கிறது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்ற அம்பாறையில் இது ஏட்டளவில் நிற்கும் விடயமன்று.

வந்த நாளில் பிள்ளையைக் குளிப்பாட்டி, மொட்டையடித்து, புதுச் சட்டை போட்டுவிட வேண்டும் என்று கை துடிக்கும். பொறுங்கள். நான் பொறுக்காமல் செய்த பிழையைச் சொல்கிறேன். ஒன்றரை வயது ஆண்பிள்ளை ஒருவன் தாயின் பழைய சீலைத் துண்டொன்றைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி வந்து சேர்ந்தான். அடுப்புப் புகையும் எண்ணெயும் வியர்வையும் ஏறி, நிறமே தெரியாமல் இருந்த துண்டு. அவன் உறங்கியதும் மெல்ல உருவியெடுத்து, சவர்க்காரம் போட்டுத் துவைத்து, கொடியில் காயப்போட்டேன். சுத்தமான துண்டைக் காலையில் கையில் கொடுத்தபோது முகத்தருகே கொண்டுபோனான், முகர்ந்தான், கீழே போட்டான். மூன்று நாள் அதையும் தொடவில்லை, என்னையும் அண்டவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பிள்ளை எதைக் கொண்டுவந்தாலும் முதல் சில வாரங்களுக்கு நாங்கள் அதைத் துவைப்பதில்லை. பேன் இருந்தாலோ சொறி இருந்தாலோ மட்டும் விதிவிலக்கு. அப்போதும் துணியைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியைத் துவைத்துக் கொடுத்து, மறு பாதியைப் பொலித்தீன் பையில் கட்டி வைப்போம்.

குளியலும் பாலும் உறக்கமும்

குளிப்பாட்டுவதற்கு முன் துவாய், சவர்க்காரம், மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் கையெட்டும் தூரத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் எழுந்து போகவோ இன்னொருவரைக் கூப்பிடவோ வேண்டியிருக்கக் கூடாது. தண்ணீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலில் வைத்த வாளித் தண்ணீர் நினைப்பதைவிடச் சூடாக இருக்கும். நம் பாட்டிமார் செய்ததுபோல் காலை நீட்டி அமர்ந்து குழந்தையைக் காலின்மேல் கிடத்திக்கொள்வது சிறந்த முறையே. குழந்தையின் முகமும் உங்கள் முகமும் நேருக்கு நேர் இருக்கும். ஒவ்வொரு செயலுக்கும் முன்னால் சொல்லுங்கள்: "இப்ப கைக்குத் தண்ணி ஊத்தப் போறன்... மற்றக் கையைத் தாங்கோ." சொல்லிவிட்டு ஒரு கணம் நில்லுங்கள். மூன்று மாதக் குழந்தைக்கு இது விளங்காது என்று நினைப்பீர்கள், ஆனால் சில வாரங்களில் "கையைத் தாங்கோ" என்றதும் அந்தக் கை தானாக அசையத் தொடங்கும். தன் உடம்புக்கு என்ன நடக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே அறியும் குழந்தையின் உடம்பு இறுகாது. பழைய முறையில் விட்டுவிட வேண்டியவையும் உண்டு. மூக்கைப் பிழிந்து நீட்டுவதும், மூக்கிலும் காதிலும் வாயால் ஊதுவதும், குழந்தையைக் காலில் பிடித்துத் தலைகீழாக ஆட்டுவதும் வேண்டாம்.

துணி மாற்றுவதும் இப்படியே. வரிசையாகக் கிடத்தி, ஒருவர் பின் ஒருவராகப் பம்பஸ் மாற்றிக்கொண்டு போனால் பத்துக் குழந்தைகளை இருபது நிமிடத்தில் முடிக்கலாம் என்பது உண்மைதான். அந்த இருபது நிமிடத்தில் பத்துப் பேரில் ஒருவருக்கும் உங்கள் முகம் கிடைக்காது.

தாய்ப்பாலுக்கு வழியிருந்தால், அதாவது தாய் வந்துபோகக்கூடியவராக இருந்தால், முதலில் அதற்கு வழிசெய்யுங்கள். முதல் ஆறு மாதத்துக்கு அதற்கு ஈடு வேறொன்றில்லை. பால்மாவே கதி என்றால், தண்ணீரைக் கொதிக்கவைத்து, அரைமணிக்கு மேல் ஆறவிடாமல், அதாவது 70 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குமுன், மாவைக் கரைத்து, பிறகு குடிக்கும் சூட்டுக்கு ஆற்றிக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் பால்மாவிலேயே கிருமி இருக்கக்கூடும். கரைத்த பாலை இரண்டு மணித்தியாலத்துக்குள் குடிக்காவிட்டால் ஊற்றிவிடுங்கள். மாவின் அளவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டி மிச்சம் பிடிப்பது குழந்தையைப் பட்டினி போடுவதற்குச் சமம். எல்லாவற்றுக்கும் மேலாக, போத்தலைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டுப் போகாதீர்கள். புரைக்கேறும் அபாயம் ஒன்று, பால் குடிக்கும் நேரம் மடியில் இருக்கும் நேரம் என்பது மற்றொன்று. ஆறு மாதம் முடிந்ததும் நன்றாக மசித்த சோறும் பருப்பும், முள் நீக்கிய மீன், பூசணி, முருங்கையிலை என்று நம் சமையலறையில் உள்ளதையே கட்டிப் பதத்தில் தொடங்கலாம். ஒரு கரண்டி ஊட்டியதும் அடுத்த கரண்டிக்குக் குழந்தை வாய் திறக்கும்வரை காத்திருங்கள். திறந்த வாயில் சோற்றை அடைத்து முடிக்கும் பழக்கம் இல்லங்களில் எப்படியோ தொற்றிக்கொள்கிறது. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தனித் தட்டு கொடுத்து, சிந்தினால் சிந்தட்டும் என்று விடுங்கள்.

உறக்கத்தைப் பொறுத்தவரை, கைக்குழந்தையை மல்லாத்திப் படுக்கவைப்பதும், முகத்தைச் சுற்றித் தலையணையோ தளர்ந்த போர்வையோ இல்லாமல் பார்ப்பதும், பகலிலும் நுளம்பு வலை கட்டுவதும் அடிப்படை. வீட்டில் ஏணையில் உறங்கிய பிள்ளையைக் கட்டிலுக்கு ஒரே இரவில் மாற்ற முடியாது, மெல்ல மெல்லப் பழக்குங்கள். தாலாட்டை விட்டுவிடாதீர்கள். எல்லாக் குழந்தைக்கும் ஒரே பாட்டை ஒலிபெருக்கியில் போடுவதைவிட, தன் ஆளின் குரலில், சுருதி பிசகினாலும், தன் பெயர் வரும் பாட்டைக் கேட்டு உறங்குவது எத்தனையோ மடங்கு மேல். இரவுக் கடமையில் ஒரு முகம், பகலில் ஒரு முகம் என்றிருந்தால் இருவரும் அதே பாட்டைக் கற்றுக்கொள்ளுங்கள்.

அழும் பிள்ளையும் அழாத பிள்ளையும்

"தூக்கித் தூக்கிக் கைச்சூடு பழகிவிட்டது, இனி இறங்காது" என்ற குறை எந்த இல்லத்திலும் கேட்கும். கைக்குழந்தையைத் தூக்கிக் கெடுத்துவிட முடியாது. அழுதால் ஆள் வரும் என்பது உறுதியாகத் தெரிந்த குழந்தைதான் சில மாதங்களில் குரலைக் கேட்டதுமே அழுகையை நிறுத்திக் காத்திருக்கத் தொடங்குகிறது. வர முடியாத நேரத்தில் "இந்தா வாறன்" என்று குரலாவது கொடுங்கள்.

அழும் பிள்ளை எனக்குக் கவலை தருவதில்லை. பசித்தும் அழாமல், விழுந்தும் அழாமல், கட்டிலில் கிடந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைதான் கவலை தருகிறது. "எவ்வளவு நல்ல பிள்ளை, ஒரு கரைச்சலும் இல்லை" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அது கூப்பிட்டுப் பார்த்து, ஆள் வராமல் ஓய்ந்த பிள்ளையாக இருக்கலாம். உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருத்தல், தலையைச் சுவரில் முட்டுதல், தூக்கும்போது பலகைபோல் விறைத்தல் ஆகியவையும் கவனிக்க வேண்டிய குறிகள். இன்னொன்றை வெளியார் பெரும்பாலும் தவறாகவே விளங்கிக்கொள்கிறார்கள். இரண்டு வயதுப் பிள்ளை படலையில் முன்பின் காணாதவரைக் கண்டதும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டால், "என்ன பாசம்!" என்று கண்கலங்குவார்கள். ஆனால் அந்த வயதில் புதியவரைக் கண்டால் தன் ஆளின் பின்னால் ஒளிவதே இயல்பு. எல்லாரிடமும் ஓடும் பிள்ளைக்குத் தன் ஆள் என்று ஒருவர் இல்லை என்று பொருள் கொண்டு, கைகளை எண்ணும் கொப்பியை மறுபடி எடுங்கள்.

அடிப்பதும், இருட்டறையில் விடுவதும், "உன்ர அம்மா விட்டுட்டுப் போயிட்டா" என்று சொல்லிப் பயமுறுத்துவதும் எந்த நிலையிலும் கூடாது. மூன்றாவது முதலிரண்டுக்கும் குறைந்ததன்று. ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடப்பதாகத் தெரிந்தால், 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

தாயும் உறவும், மற்ற விருந்தாளிகளும்

பார்க்க வரும் தாயை வரவேற்பறைக் கதிரையில் இருத்தி, உடுப்புப் போட்டுச் சோடித்த பிள்ளையை அவர் மடியில் வைத்து, ஒரு மணித்தியாலம் கடிகாரத்தைப் பார்ப்பது இருவருக்கும் தண்டனை. பிள்ளை அழும், தாய் கூசிப்போவார், அடுத்த முறை வரத் தயங்குவார். குளிக்கும் நேரத்துக்கோ சாப்பாட்டு நேரத்துக்கோ அவரை வரச் சொல்லி, அந்த வேலையை அவர் கையில் கொடுங்கள். முதல் நாள் பராமரிப்பாளர் செய்ய அவர் பக்கத்தில் இருக்கட்டும், அடுத்த முறை அவர் செய்யப் பராமரிப்பாளர் பக்கத்தில் இருக்கட்டும். படுவான்கரையிலிருந்தோ வாகரையிலிருந்தோ பஸ் மாறி வருபவருக்கு, அதிலும் நாட்கூலிக்கு வயலில் களை பிடுங்குபவருக்கு, 'ஞாயிறு இரண்டு மணி முதல் நான்கு மணி வரை' என்ற விதி பெரும்பாலும் வராதே என்பதற்குச் சமமாகும். பஸ் வரும் நேரத்தைக் கேட்டு நேரத்தை ஒதுக்குங்கள்.

தாய் வளைகுடா நாட்டில் இருந்தால் சிக்கல் வேறு. குவைத்திலும் கட்டாரிலும் சவூதியிலும் நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். அங்கே வேலை முடிந்து எட்டரைக்கு அவர் இமோ செயலியில் அழைக்கும்போது இங்கே இரவு பதினொரு மணி. உறங்கும் பிள்ளையை எழுப்பித் திரையைக் காட்டினால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அங்கே தாய் உடைந்துபோவார். அதைவிட, அவர் பாடும் தாலாட்டையோ சொல்லும் சின்னக் கதையையோ குரல்பதிவாக அனுப்பச் சொல்லி, நாள்தோறும் உறங்கும் முன் ஒரே நேரத்தில் போட்டுக் காட்டுங்கள். பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் பேசக் கிடைத்தால் ஐந்து நிமிடம் போதும், அம்மம்மாவின் மடியில் இருந்தபடி, கையில் ஒரு விளையாட்டுச் சாமானோடு. தாயின் படத்தைச் சுவரில் பிள்ளையின் கண்மட்டத்தில் ஒட்டிவையுங்கள். பெரியவர்களின் கண்மட்டத்தில் சட்டமிட்டு மாட்டிய படம் பிள்ளைக்கு எட்டாது.

மற்ற விருந்தாளிகளைப் பற்றி ஒளிவின்றிச் சொல்கிறேன். பிறந்தநாளுக்கும், இறந்தவரின் ஆண்டு நினைவுக்கும் இல்லங்களுக்குச் சாப்பாடு கொடுப்பது நம்மவரின் நல்ல வழக்கம். சாப்பாட்டை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் மூன்று வயதுக்குட்பட்டவர்களை வரிசையாக இருத்தி, தெரியாத பிள்ளையின் பிறந்தநாள் கேக்குக்குக் கைதட்டவைத்து, ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்சி, படமெடுத்து முகநூலில் போடுவதற்கு இடங்கொடுக்காதீர்கள். வந்து ஒரு மணித்தியாலம் கொஞ்சிவிட்டு மறுபடி வராதவர்களின் வரிசையால் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பயனும் இல்லை. கட்டாயம் உதவ வேண்டும் என்று கேட்பவரிடம், இரவுக் கடமைக்கு இன்னொருவரின் சம்பளத்தை ஓராண்டுக்குப் பொறுப்பேற்க முடியுமா என்று கேளுங்கள். பலர் தயங்குவார்கள், ஒருவர் இருவர் சம்மதிப்பார்கள்.

உடம்பும் கடதாசியும்

பிள்ளை வந்த வாரமே அப்பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கு அறிவித்து, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்கில் சேர்த்துவிடுங்கள். பிறந்ததும் காசநோய்க்கான பி.சி.ஜி., 2, 4, 6 மாதங்களில் ஐங்கூட்டுத் தடுப்பூசியும் போலியோவும், 9ஆம் மாதத்திலும் 3 வயதிலும் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகியவற்றுக்கான எம்.எம்.ஆர்., 12ஆம் மாதத்தில் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி, 18ஆம் மாதத்தில் முக்கூட்டும் போலியோவும் என்ற வரிசையில் எது விடுபட்டிருக்கிறது என்பதை அவரே கொப்பியைப் பார்த்துச் சொல்வார். கிளினிக் கொப்பியிலுள்ள நிறைக்கோடு இரண்டு மாதம் மேலே ஏறாமல் படுத்துக்கொண்டால் உணவை மட்டும் சந்தேகிக்காதீர்கள், மனம் வாடிய குழந்தையும் நிறை ஏறாது. மூன்று மாதம் கடந்தும் முகம் பார்த்துச் சிரிக்காவிட்டாலோ, ஒன்பது மாதத்தில் பிடிக்காமல் உட்காராவிட்டாலோ, ஒரு வயதில் மழலை எதுவும் பேசாவிட்டாலோ, ஒன்றரை வயதில் நடக்காவிட்டாலோ 'இல்லத்துப் பிள்ளை கொஞ்சம் பிந்தும்' என்று சமாதானம் சொல்லாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பி வைத்து, முதற் பல், முதல் அடி, விரும்பிய சாப்பாடு, பார்க்க வந்தவர்கள் ஆகியவற்றைத் திகதியோடு எழுதி, படங்களையும் ஒட்டிவாருங்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின் கல்முனை வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட கைக்குழந்தையொன்று, அன்றைய அனுமதி வரிசையின்படி '81ஆம் இலக்கக் குழந்தை' என்றே உலகெங்கும் அறியப்பட்டது. பெற்றோர் உயிரோடு இருந்தும், மரபணுப் பரிசோதனை முடிந்து 2005 பெப்ரவரியில்தான் குழந்தை அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நம் கரையில் இது நடந்த கதை. மாரியில் வெள்ளம் வரும் ஊர்களில் இந்தக் கொப்பியையும் பிறப்புப் பத்திரத்தையும் கிளினிக் கொப்பியையும் ஒரே பொலித்தீன் உறையில் இட்டு, முதலில் தூக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். ஒரு பிரதியை வேறு கட்டடத்தில் வைப்பது இன்னும் நல்லது.

பிரியும் காலம்

தன் வீட்டுக்கோ, உறவினரிடமோ, மகவேற்கும் குடும்பத்துக்கோ பிள்ளை போகும் நாள் நிச்சயமானதும், அழுமே என்று அஞ்சி அதன் ஆளை அன்றைக்கு லீவில் அனுப்பிவிடும் இல்லங்கள் உண்டு. இது வேண்டாம். புதியவர்கள் முதலில் இல்லத்துக்கு வந்து, சில நாட்கள் குளியலையும் ஊட்டுவதையும் பார்க்கட்டும், பிறகு பராமரிப்பாளர் பக்கத்தில் இருக்க அவர்களே செய்யட்டும். அதன் பின் பராமரிப்பாளரும் பிள்ளையும் சேர்ந்து அந்த வீட்டுக்குப் போய்ப் பகற்பொழுதைக் கழித்துவிட்டு வரலாம். இதற்கு இரண்டு வாரமாவது வேண்டும். நீதிமன்றத் திகதி நெருக்கினால், நன்னடத்தை உத்தியோகத்தரிடம் கேட்டு ஏற்பாட்டை முன்கூட்டியே தொடங்குங்கள்.

போகும் நாளில் பிள்ளையின் ஆள் படலைவரை வந்து, பிள்ளைக்கு விளங்கும் சொற்களில், "நீங்க உங்கட வீட்டுக்குப் போறீங்க, நான் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவன்" என்று சொல்லி அனுப்ப வேண்டும். வர முடியாதென்றால் வருவதாகச் சொல்லலாகாது. பராமரிப்பாளரும் அழுவார், அதில் தவறொன்றுமில்லை. அடுத்த நாளே புதிய குழந்தையொன்றை அவர் கையில் கொடுக்காமல் ஒரு வாரம் விடுங்கள். பிள்ளையோடு அனுப்பும் பையில் கொப்பியும், பாடிய பாட்டை எழுதிய தாளும், பாவித்த அதே சவர்க்காரமும், விளையாடிய சாமானும் இருக்கட்டும். கட்டிலில் விரித்திருந்த துணியையும் துவைக்காமல் மடித்து மேலே வையுங்கள்.